ரெட்டைக் கோடு

"வைரம்தானே மாப்பிள்ளை?"

பெண்ணின் அத்தை கேட்டு வாய் மூடவில்லை, அவன் பதில் சொல்லிவிட்டான்.

"ஆமா அத்தை. வைரம்தான்."

சொல்லும்போது அவன் பார்வை தரையில் இருந்த ஒரு விரிசலில் போய் நின்றது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மோதிர விரலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நகைக்கடையில் மோதிரத்துக்கு அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். மாய்சனைட். வைரம் மாதிரியே மின்னும், ஆனால் இயந்திரத்தில் வளர்க்கிற கல்.

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. மிச்சக் காசு வீட்டு அட்வான்ஸுக்கு ஆகும். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு. இதுல மறைக்க என்ன இருக்கு?" என்றாள்.

அவனும் பெரிய கொள்கைவாதி மாதிரி தலையாட்டினான்.

கடைக்காரர்தான் தானாக ஒன்று சொல்லிவைத்தார். "வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது சார். லென்ஸ் வச்சுச் சாய்ச்சுப் பார்த்தா மட்டும் உள்ளே கோடு ரெட்டையாத் தெரியும். லென்ஸும் கையுமா யாரு உங்க வீட்டுக்கு வரப்போறாங்க?"

யாரும் வரவேண்டியதில்லை. பெண்ணின் அப்பா கடிகாரம் பழுது பார்க்கிறவர். முன்னறை கடை, பின்னறை வீடு.

அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். எங்கே போனாலும் தன்னை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் கூடவே வரும். அதிலும் இந்த அத்தை, தாயில்லாப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவள். அவள் ஒரு பார்வை பார்த்தாலே அவனுக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

"விரல்ல சுத்துதே, லூஸா இருக்கோ? கழட்டும்மா, கல்லும் ஆடுதான்னு பார்த்துடறேன்" என்று அப்பா கையை நீட்டினார்.

சட்டைப் பையிலிருந்த லென்ஸ் கண்ணுக்கு ஏறியது. மோதிரத்தைச் சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் சாய்த்தார்.

"நல்ல கல்லு. ஒரு குறையும் இல்ல" என்று மோதிரத்தை மகளிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு எழுந்து போனார்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அத்தை.

பெண் அவன் காதருகே குனிந்தாள். "கல்லுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உன் வாய்லதான்."

அவன் எழுந்து முன்னறைக்குப் போனான். பெண்ணின் அப்பா ஒரு கைக்கடிகாரத்தின் முதுகைத் திறந்து வைத்திருந்தார்.

"மாமா... அது வைரம் இல்ல."

"தெரியும். கோடு ரெட்டையாத் தெரிஞ்சுது."

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அப்புறம் ஏன் நல்ல கல்லுன்னு சொன்னீங்க?"

"நல்ல கல்லுதானே? வைரம்னா சொன்னேன்?"

லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நிமிரவில்லை.

"உங்களைத் திட்ட எனக்கு வாய் கிடையாது மாப்பிள்ளை. என் தங்கச்சி கையில ஒரு மோதிரம் பார்த்தீங்கல்ல? அவ கல்யாணத்துக்கு நான் போட்டது. நாலு பேர் கேட்டாங்க, வைரம்னு சொல்லிட்டேன். வெறும் கண்ணாடி! வேற கடைக்காரன் கையில போயிடக் கூடாதுன்னு முப்பது வருஷமா நானே துடைச்சுக் குடுக்கிறேன். அன்னிக்கு ஒரு நிமிஷக் கூச்சத்துக்குப் பயந்தேன். இப்ப அவ சோறு போடற கையைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியல. போங்க, சூட்டோட சூடா சொல்லிடுங்க."

அவன் திரும்பி வந்தான். உட்காரவில்லை.

"அத்தை, நான் பொய் சொல்லிட்டேன். அது வைரம் இல்ல, மாய்சனைட். ரெண்டு பேருக்கும் பிடிச்சுத்தான் வாங்கினோம். நீங்க கேட்டதும் பயந்துட்டேன்."

பெண்ணின் மடங்கியிருந்த விரல் நிமிர்ந்தது.

"தெரியும்" என்றாள் அத்தை.

"மாமா முன்னாடியே சொல்லிட்டாரா?"

"அண்ணனா? அவரு எங்க சொல்லப் போறாரு!" அத்தை குரலைத் தாழ்த்தினாள். "வைரம்னு சொல்லும்போது நீங்க என் முகத்தைப் பார்க்கல, தரையைப் பார்த்தீங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாடி என் அண்ணனும் இப்படித்தான் தரையைப் பார்த்தாரு."

கடையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "உன் மோதிரம் மங்கிக் கிடக்கேம்மா, குடுத்தனுப்பு. துடைச்சுத் தரேன்."

அத்தை மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பிறகு கடைக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"மாப்பிள்ளைகிட்ட குடுத்திருக்கேன். பார்த்துத் துடைங்கண்ணா, வைரம்!"