கடைசி வரிசை

"இந்த வண்டியச் செஞ்சவனக் கூப்பிடுங்க! அவன் பிள்ளைய இதுல ஒரு மணி நேரம் உக்கார வைக்கச் சொல்லுங்க!"

கார் ஷோரூமே திரும்பிப் பார்த்தது. வண்டியின் கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா. பக்கத்தில் பதினான்கு வயது மூத்தவன். வீட்டில் அவனுக்கு நெட்டையன் என்றே பெயர். அவன் முழங்கால் மோவாயைத் தொட்டது, தலை கூரையில் இடித்தது.

"மேடம், இதுல தாராளமா ஏழு பேர் உக்காரலாம்" என்றார் விற்பனையாளர்.

"ஏழு சூட்கேஸ்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்."

விற்பனையாளருக்குப் பதினொரு வருட அனுபவம். ஒரு குடும்பம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதே சாவி யார் கைக்குப் போகும், முடிவு யார் வாயிலிருந்து வரும் என்று எடை போட்டுவிடுவார். கோபக்கார அம்மா, முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் அப்பா, மூன்று பிள்ளைகள். கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு 'அக்கா, அக்கா' என்று பின்னாலேயே வரும் இளம்பெண், துணைக்கு வந்த தங்கையாக இருக்க வேண்டும்.

"இதுல மேல திறக்குற கண்ணாடி இருக்கு. எட்டு ஸ்பீக்கர்" என்றார் அப்பா, விட மனமில்லாமல். அவருக்கு மலைமேல் கல்குவாரியில் வேலை.

"அந்தப் பாறை ரோட்டுல வானத்தப் பார்த்துக்கிட்டா ஓட்டப் போறீங்க?"

விற்பனையாளர் நடுவில் புகுந்தார். "மொத்தம் எத்தனை பேர் போவீங்க, மேடம்?"

"பெரியவங்க ரெண்டு, பிள்ளைங்க மூணு. பெரியவன் இன்னும் அரை அடி வளருவான். பொண்ணுக்கு மலை ஏறினா வாந்தி, பின்னாடி காத்து வரணும். சின்னவன் ஒரு இடத்துல இருக்க மாட்டான், பெல்ட் கெட்டியா இருக்கணும்."

எதிரில் நின்றவர்கள் ஆறு பேர். தங்கையைக் கணக்கில் சேர்க்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார் விற்பனையாளர்.

"ஒரு வண்டி வாங்க இவ்வளவு ரகளையா?" என்று முணுமுணுத்தார் அப்பா.

அவ்வளவுதான். அம்மா வண்டியிலிருந்து இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"ரகளையா? போன மாசம் என்ன நடந்துச்சு? உங்க சின்னக் கார நடு ஓடையில விட்டீங்க. சீட்டு வரைக்கும் தண்ணி. மூணு மணி நேரம் போன் போகல. வாசல்ல நின்னு நின்னு எனக்கு உயிரே போயிடுச்சு. மூணும் நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி வந்து இறங்கிச்சுங்க!"

"நான் என்ன வேணும்னா மாட்டிக்கிட்டேன்? அவங்க எனக்கும் பிள்ளைங்கதான்!"

"அந்த நினைப்பு இருந்தா ஸ்பீக்கர எண்ணிக்கிட்டு இருக்க மாட்டீங்க." அம்மா சட்டென்று இளம்பெண் பக்கம் திரும்பினாள். "நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா இவர் எங்க கேக்குறார், அக்கா?" என்றாள் அவள், பயந்த குரலில்.

விற்பனையாளர் அவசரமாக அடுத்த வண்டிக்கு அழைத்துப்போனார். உயரமான வண்டி, பளபளப்பு இல்லை, பெரிய பெட்டிக்கு நாலு சக்கரம் வைத்தது போலிருந்தது. அம்மா தரையில் முட்டி போட்டு அடிப்பாகத்தைப் பார்த்தாள். தரைக்கும் வண்டிக்கும் நடுவே கையை நீட்டி அளந்தாள்.

"ஓடைத் தண்ணி ஏறாதே?"

"முழங்கால் தண்ணியில கூடப் போகும், மேடம். நாலு சக்கரமும் இழுக்கும்."

நெட்டையன் கடைசி வரிசையில் ஏறிக் காலை நீட்டினான். நீட்ட முடிந்தது. "அம்மா, இங்கயும் ஏசி வருது!" என்று கத்தினாள் மகள். அம்மா ஒவ்வொரு பெல்ட்டையும் பிய்த்துவிடுவது போல இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

"இதுல பாட்டு நல்லா கேக்காது" என்றார் அப்பா.

"நீங்களே பாடுங்க."

இளம்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா முறைத்ததும் கடைக்குட்டியின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இன்னும் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அப்பா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "சரிம்மா தாயே, இதையே எடுக்கிறேன். போதுமா?" கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தினார்.

வண்டி முடிவானதும் குடும்பத்தை அதன் முன் நிறுத்திப் படம் எடுப்பது அந்த ஷோரூம் வழக்கம். அப்பாவின் வலப்பக்கம் நெட்டையனும் மகளும் நின்றார்கள். இடப்பக்கம் கடைக்குட்டியோடு இளம்பெண். அம்மா தள்ளிப்போய்க் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

விற்பனையாளர் போனை உயர்த்தினார். "தங்கச்சி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முதல்ல குடும்பத்த மட்டும் எடுத்துக்கிறேன். மேடம், சார் பக்கத்துல வாங்க."

இளம்பெண்ணின் முகம் சுண்டிப்போனது. கடைக்குட்டியை இறக்கிவிட்டு நகரப் போனாள். விடுவிடுவென்று வந்த அம்மா, அவள் கையைப் பிடித்து அதே இடத்தில் நிறுத்தினாள். காலையிலிருந்து போட்ட சத்தமெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல விற்பனையாளர் மேல் பாய்ந்தாள்.

"அவள ஏன் சார் தள்ளுறீங்க? தள்ளி நிக்க வேண்டியது டைவர்ஸ் ஆன நான். இவரு பொண்டாட்டி அவதான்!"