இடுக்கில் இறுகிய சந்தனம்

கார்மழை ஓய்ந்தும் கூதிர்க் குளிர் வந்து சேராத இடைப்பொழுதில், வானம் நோன்பிருப்பதுபோல் அடங்கியிருந்தது. ஆயுத பூசைக்கு மறுநாள், திருமேனி ஓட்டிய புல்வெட்டும் வண்டி கோல்ஃப் மைதானத்தின் நடுவே சூடேறி நின்றது. இன்னொரு முறை நின்றால் காயலான் கடைக்கு என்று நிர்வாகம் முன்பே சொல்லியிருந்தது.

"காத்துல ஆறுற இன்ஜினுக்கு ஆயுசு இவ்வளவுதாண்ணே. தண்ணியில ஆறுறதுன்னா ரெண்டு மடங்கு ஓடும்," என்றான் உடன் வேலை செய்யும் செல்லக்கனி. "நேத்து நீங்க போட்ட பூசைக்கு இது இந்நேரம் பறந்திருக்கணும்."

திருமேனி குனிந்து பார்த்தார். இன்ஜினைச் சுற்றிக் காற்று நுழையும் இடுக்குகளிலெல்லாம் அவர் குழைத்துப் பூசிய சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. சூடு தணியும்வரை காத்திருந்து, வேப்பங்குச்சியால் ஒவ்வோர் இடுக்காகச் சுரண்டினார். உதிர்ந்த பொடியைத் தரையில் விழவிடாமல் உள்ளங்கையில் ஏந்தி, நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு அந்த இரும்பின்மேல் கைவைத்து, "நல்லா மூச்சு விடு, சாமி. நீண்ட ஆயுசோட இரு," என்றார்.