எச்சில் இலை

"கொஞ்சமாவது அறிவு இருக்கா உனக்கு?"

இளம்பரிதி கதவை அடித்துச் சாத்திய வேகத்தில் கார் கண்ணாடி அதிர்ந்தது.

பக்கத்து சீட்டில் தபோ பெல்ட்டை மாட்டிக்கொண்டான். தென்னாப்பிரிக்காக்காரன். ஜெர்மனியில் இளம்பரிதியோடு ஒரே ஆபீஸில் வேலை. இருவருக்குள்ளும் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறானே என்று லீவுக்குக் கூட்டி வந்தது தப்பாகப் போய்விட்டது.

இருவரும் விஜயபாலன் வீட்டு விருந்து முடிந்து கிளம்பியிருந்தார்கள். விஜயும் அதே ஆபீஸ்தான். அவனுக்கும் பாபநாசம் பக்கம்தான். ஆனால் அவனுடையது பண்ணை வீடு. இளம்பரிதியின் அப்பா காத்தான் அந்தப் பண்ணையில் ஏர் ஓட்டியவர். அம்மா நீலாம்பாள் அந்த வீட்டுக் கொல்லையில் நெல் அவித்தவர். ஒருநாளும் அந்த வீட்டு நிலைப்படியை இருவரும் தாண்டியதில்லை. தாண்ட விட்டதில்லை.

இன்றைக்கு அவர்கள் மகன் கூடத்தில் உட்கார்ந்து தலைவாழை இலையில் சாப்பிட்டான். கடைசி நேரத்தில் இந்தத் தபோ அதைக் கெடுத்துத் தொலைத்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இங்க விருந்தாளி இலையை எடுக்கக் கூடாது, வீட்டுக்காரங்கதான் எடுக்கணும். விருந்தாளியை எடுக்க விட்டா அது அவனுக்கு அவமானம். சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அப்புறம் ஏன் எடுத்தே? உன் இலையை எடுத்தது பத்தாதுன்னு, நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள என் இலையையும் சேத்துச் சுருட்டிக்கிட்டுக் கொல்லைக்குப் போறே! விஜயோட அம்மா மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அது என்ன நம்ம ஆபீஸ் கேண்டீனா, அவனவன் தட்டை அவனவன் கொண்டுபோய் வைக்கிறதுக்கு?"

தபோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நடவு முடிந்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். இளம்பரிதிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு அது வெறும் இலை. எனக்கு அப்படி இல்லடா. அந்த வீட்டு ஆளு ஒருத்தர், எங்க எச்சில் இலையைக் குனிஞ்சு எடுக்கணும். அதுக்குத்தான் போனேன். சோத்துக்கா போனேன்?"

"எங்க அம்மாவும் ஒரு வெள்ளைக்காரங்க வீட்ல வேலை செஞ்சவங்கதான்" என்றான் தபோ மெல்ல. "அங்க அவங்களுக்குன்னு தனித் தட்டு, தனிக் கப்பு..."

"இப்ப உங்கம்மா கதை எதுக்கு? பேச்ச மாத்தாதே! விஜய் எடுத்திருப்பான். அங்க நம்ம ரூமுக்கு வந்தா ஒரே சட்டியில கைய விட்டுச் சாப்பிடுறவன் அவன். நடுவுல பூந்து கெடுத்துட்டே."

தபோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு, "ஸாரி" என்றான்.

"உன் ஸாரியை நீயே வச்சுக்க."

வீட்டு வாசலிலேயே நீலாம்பாள் நின்றுகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க தம்பி" என்று தபோவைக் கூப்பிட்டுவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடத்துலயாடா உக்கார வச்சாங்க?"

"ஆமாம்மா."

"எலைய யாருடா எடுத்தா? விஜய் தம்பியா? அவங்கம்மாவா?"

இளம்பரிதிக்குக் கோபத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"இந்தா நிக்கிறானே, இவன்தான் எடுத்தான்! நாகரிகம் தெரியாத பய!"

நீலாம்பாளின் முகம் விழுந்துவிட்டது. "போவுது விடுடா, அதுக்கு என்ன தெரியும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இளம்பரிதி இங்கிலீஷில் கத்தினான். "பாத்தியா? எங்கம்மாவைப் பாத்தியா? ஏன் அப்படிப் பண்ணினே? இப்பவாச்சும் சொல்லித் தொலை!"

தபோ நீலாம்பாளைப் பார்த்தான். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னான்.

"நீ கை கழுவப் போனதும் விஜய் என் காதுல வந்து சொன்னான். 'இளம்பரிதியோட இலையை அவனையே எடுக்கச் சொல்லிடு. வெளிநாட்டுப் பழக்கம்னு நீ சொன்னா அவனுக்கு உறைக்காது'ன்னு."