மொத்த வியாபாரி

அண்ணி தன் பையிலிருந்து பரிசுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோதே சின்னவன் உஷாரானான். எல்லாம் தட்டையாக இருந்தன. புத்தகம்தான், சந்தேகமே இல்லை.

ஆண்டுக் கடைசி விடுமுறையில் ஒன்றுகூடும்போது அந்த வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. பரிசைப் பிரிப்பவர் அது என்னவென்று உரக்கச் சொல்ல வேண்டும். ‘இது ஏன் இவருக்கு?’ என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த கையோடு ஒரு பட்டப்பெயரும் வைத்துவிடுவார்கள். அலாரம் கடிகாரம் பரிசாகக் கிடைத்த அண்ணன் அன்று முதல் ‘பத்து மணி’. போகிற இடமெல்லாம் குடையை விட்டுவிட்டு வந்து, புதுக் குடை பரிசு பெற்ற அக்கா ‘மறதி மகாராணி’. ஒரு தடவை வைத்த பெயர் ஆயுசுக்கும் போகாது.

பெயர் வைப்பதில் சூரன் சின்னவன்தான். கடைக்குட்டி, வாயாடி, விற்பனைப் பிரிவில் வேலை. அவன் வாய்க்குத் தப்பியவர்கள் வீட்டில் யாருமில்லை.

அந்தச் சின்னவனுக்குக் கொஞ்ச காலமாக மீட்டிங் என்றாலே நெஞ்சை அடைத்தது. கை நடுங்கும், உயிரே போய்விடும் போலிருக்கும். எல்லாம் பரிசோதித்த டாக்டர், இதயம் நன்றாக இருக்கிறது, இது பயத்தால் வரும் படபடப்பு என்று சொல்லி, மூச்சுப் பயிற்சி பழகச் சொன்னார். அவன் பழகவில்லை. வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தால் ஏனென்று கேட்பார்களே.

விஷயம் தெரிந்தது அண்ணிக்கு மட்டும். அவன் ஆபீஸ் இருக்கும் கட்டடத்திலேயே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை பார்க்கிறாள். ஒரு நாள், கார் நிறுத்தும் இடத்தில் தூணில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவனைப் பார்த்தவள், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். மூச்சு சீரானதும் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணி.”

சரி என்று தலையாட்டியவள்தான் இப்போது புத்தகத்தோடு வந்திருக்கிறாள். அது தன் படபடப்பைப் பற்றியதாக இருந்துவிட்டால்?

கடைக்குட்டிதான் முதலில் பிரிக்க வேண்டும். பிரித்தான். அட்டையைப் பார்த்ததும் அதை மடியில் கவிழ்த்துக்கொண்டான். உரக்கப் படிக்கச் சொல்லி அக்கா அதட்டினாள்.

“மூச்சோடு கொஞ்ச நேரம். காரணமில்லாமல் படபடப்பவர்களுக்கு எளிய யோகா.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“படபடப்பா? இவனுக்கா? ஏன்டா, என்ன சமாச்சாரம்?”

நம்பின அண்ணியே காலை வாரிவிட்டாளே என்று அவன் அவளைப் பார்த்தான். அண்ணியோ சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் இதேதான் வந்திருக்கு” என்றார் அப்பா, கிழித்த காகிதமும் கையுமாக.

அம்மாவுக்கும் அதே. அக்காவுக்கும் அண்ணனுக்கும் அதே.

விளையாட்டு படுத்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே பரிசு என்றால் எதைக் கண்டுபிடிப்பது? இடி விழுந்தாலும் குறட்டை நிற்காத தனக்கு எதற்குப் படபடப்பு என்றார் அப்பா. குனிந்து கால் விரலைத் தொட்டே பல வருஷமாச்சு, தன்னைப் போய் யோகா செய்யச் சொல்கிறாளே என்றாள் அம்மா. ஆளுக்குத் தகுந்த மாதிரி யோசிக்கச் சோம்பேறித்தனம் என்று அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் சின்னவனுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“சோம்பேறித்தனம் இல்லக்கா, சிக்கனம். மொத்தமா அள்ளினா தள்ளுபடி உண்டுல்ல? இன்னையிலேர்ந்து அண்ணி பேரு மொத்த வியாபாரி.”

வீடே சிரித்தது. பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. அண்ணியும் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்து அண்ணனும் தம்பியும் பாத்திரம் கழுவினார்கள். அண்ணனுக்கு முகம் சரியில்லை.

“தள்ளுபடியாம் தள்ளுபடி. இந்தப் புத்தகம் கடைக்கு ஒண்ணுதான்டா இருந்துச்சு. ஊர்ல ஒரு கடை விடாம ஏறி இறங்கினோம்.”

ஆளுக்கு வெவ்வேறு புத்தகம் வாங்கியிருக்கலாமே என்று கேட்டான் சின்னவன். தானும் அதையேதான் கேட்டதாகச் சொன்னான் அண்ணன். இந்த மாதிரிப் புத்தகங்களை நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு பயிற்சியாகத் தானே செய்து பார்த்து, கடைசியில் இதைத் தேர்ந்தெடுத்தாளாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

“யாருக்காக இவ்வளவு மெனக்கெடுறேன்னு கேட்டா, வீட்டுக்குத்தான்கிறா. எல்லாருக்கும் இதே வேணும், ஒருத்தருக்குக் குறைஞ்சாலும் ஆகாதுன்னு ஒரே பிடிவாதம்.”

சின்னவன் குழாயை மூடினான். கூடத்துக்கு வந்தான்.

அம்மா புத்தகத்தை மடியில் விரித்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அதில் தப்பு கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். இனி இந்த வீட்டில் யார் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் ஏனென்று யாரும் கேட்கப்போவதில்லை.

அண்ணி கிழிந்த காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனும் பக்கத்தில் குனிந்து பொறுக்கினான். வெட்கத்தில் காது சுட்டது.

“அந்தப் பேர் வேண்டாம் அண்ணி. நானே எல்லார்கிட்டயும் சொல்லி மாத்திடறேன்.”

“எதுக்கு தம்பி?” என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. “யாருக்காவது ஒரு பேர் வைக்காம இவங்க எழுந்திருக்க மாட்டாங்க. அது எனக்கே இருந்துட்டுப் போகட்டும்.”