பதினொரு தட்டு

பெரிய கிளாக்கர் பொன்னையாவின் கருமாதி முடிந்த மறுநாள், குவாட்டர்சைக் காலி செய்யச் சொல்லி அவர் மனைவி நாகலெட்சுமிக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அதற்கு அடுத்த நாள் மேனேஜர் கஜேந்திரனே நேரில் வந்தார்.

"ஆபீஸ் கம்பியூட்டர் தொறக்க மாட்டேங்குது. கிளாக்கர் பாஸ்வேர்ட் ஏதும் சொல்லிட்டுப் போனாரா?"

"சொன்னாரு. வந்து தொறந்து தர்றேன் தொர. வெளிய சொல்ல மாட்டேன்."

தோட்டத்தின் ஆயிரத்து முந்நூறு பேரின் பதிவும் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் பொன்னையா தானே எழுதிய புரோகிராம். வேறு கம்பியூட்டரில் ஓடாது. திறந்ததும் பாஸ்வேர்ட் கேட்கும். மூன்று முறை பிழையாக அடித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். அவரை வேறு தோட்டத்துக்கு மாற்ற மூன்று மேனேஜர்கள் முயன்று, சிவப்பு எழுத்தைப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள்.

இப்போது பதிவுகளையெல்லாம் இணையப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றது கொழும்புத் தலைமை அலுவலகம். அதைச் செய்ய ஹட்டனிலிருந்து வினோஜன் வந்தான். பதிவுக் கோப்பை மட்டும் தனியாக நகலெடுத்துப் பார்த்தவனுக்குத் தலை சுற்றியது. பிறந்த திகதிக்கான கட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து இலக்கம். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'கால் முறிவு'. புரோகிராமுக்குள் போய் ஒவ்வோர் ஆளாகப் பார்த்தால்தான் எது எதுவென்று விளங்கும்.

தினமும் காலை பத்து மணிக்கு நாகலெட்சுமி வந்தாள்.

"எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்புங்க."

மேனேஜரும் திரும்பினார். பொன்னையா காலத்திலேயே திரும்பிப் பழகியவர். முதுகுக்குப் பின்னால் விரல்கள் படபடவென்று தட்டும், பெட்டி திறக்கும். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்கு ஸ்வெட்டர் பின்னுவாள். பிறகு மூடிவிட்டுப் போய்விடுவாள்.

"எப்படியாவது கண்டுபிடிப்பா," என்றார் கஜேந்திரன். "ஒண்ணாந்திகதி புது கிளாக்கர் வர்றாரு. அந்தம்மா குவாட்டர்சுல இருந்தா அவர எங்க வைக்கிறது?"

வினோஜன் தட்டுகளை எண்ணினான். சரியாகப் பதினொன்று. மகள் சுலக்ஷனாவின் பெயர் ஆங்கிலத்தில் பத்தெழுத்து. நாகலெட்சுமி பன்னிரண்டு. பொன்னையா பிறந்த பொகவந்தலாவை பதின்மூன்று. அடித்துப் பார்க்கத் துணிவில்லை.

மாதக் கடைசியில் கஜேந்திரனின் பொறுமை போய்விட்டது.

"தோட்டத்துச் சொத்தப் பூட்டி வச்சிருக்கீங்க. இது குற்றம். பொலிசுக்குப் போனா உள்ள வச்சிருவாங்க."

"தாராளமா போங்க தொர. பொலிசப் பாத்த பயத்துல எனக்கு மறந்து போச்சுன்னா?"

வினோஜன் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தான்.

"சரி, என்னதான் வேணும்?"

"சுலக்ஷனாவுக்குப் பள்ளிக்கூடத்துல ஏ.எல். சோதன முடியிற வரைக்கும் வீடு. கடிதத்துல எழுதி, சீல் வச்சு."

எழுதினார். சீல் வைத்தார். நாகலெட்சுமி அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பையில் வைத்தாள். பிறகு, ஒட்டிய உறை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

வினோஜன் உறையைக் கிழித்தான். உள்ளே வெள்ளைத் தாள். திருப்பினான். அந்தப் பக்கமும் வெள்ளை.

"ஏமாத்துறீங்களா?" கஜேந்திரனின் கை டெலிபோனுக்குப் போயிற்று.

"தாள்ல இருக்கறத அப்படியே அடிக்கச் சொல்லுங்க தொர."

வினோஜன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒன்றும் அடிக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்டரைத் தட்டினான்.

பெட்டி திறந்தது.

"அப்ப அந்தப் பதினொரு தட்டு?"

நாகலெட்சுமி ஸ்வெட்டரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "அவரு எப்படித் தட்டுவாரோ அப்படியே தட்டுனேன் தம்பி."

வினோஜன் கீபோர்டை நகர்த்திப் பார்த்தான். அதன் பக்கத்தில், மேசை விளிம்பில் ஓரிடத்தில் மட்டும், இருபது வருடமாக விரல் தட்டித் தட்டிப் பாலிஷ் போய் மரம் வெளுத்திருந்தது.