அந்தம்மா சொன்னாங்க

"'சார், ராப்பகலா உழைக்கிறீங்க, உடம்பைப் பார்த்துக்கங்க.' அந்தம்மா என்கிட்ட கடைசியாச் சொன்னது இதுதான்!"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி, வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

ஊழியர்கள் வருவதற்குள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போய்விடுகிற துப்புரவுப் பணியாளருக்கு, இருபத்திரண்டு வருடங்களில் நடக்கும் முதல் பாராட்டுக் கூட்டம் இது. போன வாரம் அவர் இறந்துபோனதால் நடக்கிறது.

முன்வரிசையில் அவருடைய மகள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். பக்கத்தில் இருந்த தட்டச்சரிடம் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அம்மா இங்க பேசுவாங்களா?"

"நல்லாக் கேட்டே போ! வாயைத் திறந்தா மூடவே மாட்டாங்க. 'நீ இல்லேன்னா இந்த ஆபீஸே ஓடாதுடி'ன்னு தினம் ஒரு தடவையாவது சொல்லிடுவாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையேக்கா."

"சில பேர் அப்படித்தாம்மா. வெளியில கலகலப்பு, வீட்டுக்குள்ள உம்முனு இருப்பாங்க."

மகள் யோசித்தாள். ஊருக்கெல்லாம் பேசிவிட்டுப் பெற்ற பெண்ணிடம் மட்டுமா பேசாமல் இருந்தாள்?

அடுத்து மைக்கைப் பிடித்தவர் கணக்காளர். "எனக்குப் பதவி உயர்வு எப்போன்னு அந்தம்மா கவலைப்படாத நாளே இல்லை" என்றார், மேலாளரையே பார்த்தபடி.

மகள் எழுந்து வாசலுக்குப் போனாள். தினமும் அம்மாவுக்குக் கதவு திறந்துவிட்ட காவலாளிக்காவது உண்மை தெரிந்திருக்கும்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. அம்மா உங்ககிட்ட பேசியிருக்காங்களா?"

நாற்காலியில் சரிந்திருந்தவர் திடுக்கிட்டுக் கண்ணைக் கசக்கினார். "பேசாமலா? 'அண்ணே, உங்களை மாதிரி கண்ணசராம காவல் காக்க ஆளே கிடையாது'ம்பாங்க தாயி."

இத்தனை பேருமா பொய் சொல்வார்கள்? இல்லை, அம்மாதான் இத்தனை வருஷமாகத் தன்னை ஏமாற்றினாளா?

உள்ளேயிருந்து மேலாளர் அழைத்தார். "மகளும் வந்து நாலு வார்த்தை பேசணும்!"

அவள் போய் மைக் முன்னால் நின்றாள்.

"எல்லாரும் சொல்றதைப் பார்த்தா, அம்மா இங்க நிறையப் பேசியிருக்காங்க போல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவங்க குரல் எப்படி இருக்கும்?"

"என்னம்மா கேள்வி இது? பெத்த பொண்ணு உனக்குத் தெரியாதா?" என்றார் மேலாளர்.

"தெரியாது சார். அம்மாவுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது."