கோதுமை ஆகாத மருமகள்

கோதுமை மா டின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள் அகஸ்டினா. "ஒரு பொட்டு மா இவ வாயில பட்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று வீடே அதிரச் சத்தம் போட்டாள்.

மாவுக்குப் பூட்டுப் போடும் மாமியாரைப் பதுளையில் வேறு எங்கே தேடுவது? மருமகள் நிஷாலினி குரக்கன் மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

லுணுகலைப் பக்கம் தோட்டத்து லயத்தில் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்று வளர்ந்த உடம்பு அவளுடையது. அந்த உடம்புக்குப் போய்க் கோதுமை ஆகாது என்று ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தாள். ரொட்டி தின்ற கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். மூன்றாவது தடவை உருண்டபோது, கொஞ்ச நாளைக்குக் கோதுமையை நிறுத்திப் பாருங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

வேறு என்னதான் செய்வாள்? புருஷன் றோய் அவளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தான். நாலு வயது மகளை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமே இல்லை. அங்கே எந்த வீட்டிலும் குபூஸ் ரொட்டிதான் சாப்பாடு, கோதுமை ஆகாதவளை எவன் எடுப்பான் என்று ஏஜென்ட் கையை விரித்ததும்தான் மூச்சு வந்தது.

ஆனால் அந்த மூச்சையும் மாமி விட விடவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய ஓவனைப் பிடித்துக் கொண்டுவந்தாள். அரிசி மா, மரவள்ளி மா, முட்டை, கனிந்த வாழைப்பழம் எல்லாம் போட்டு மருமகளுக்கென்று தனிப் பாண் சுட்டாள். குரக்கனில் தேங்காய் சேர்த்து பிஸ்கட்டும் சுட்டாள். அதற்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி, துடைக்கிற துணிகூடத் தனி.

பாண் ஒரு நாள் செங்கல் மாதிரி இருக்கும், மறுநாள் களி மாதிரி இருக்கும். நிஷாலினி அதை மென்று விழுங்கும்வரை மாமி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றவர்களுக்கு ரொட்டி வேகும் வாசனை வரும்போது நிஷாலினிக்கு அழுகையே வந்துவிடும்.

மாமி வேவு பார்க்கிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாமியும் குவைத்தில் ஏழு வருடம் சமையல்காரியாக இருந்தவள், இந்த வீடே அதில் கட்டியதுதான். அந்த ஏழு வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் மருமகளும் போய் உழைத்து அனுப்பினால் கசக்கவா போகிறது?

இன்று காலைப் பூசையிலும் மாமியின் பக்கத்தில்தான் முழந்தாளிட்டாள். இத்தனை பெரிய பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்க நாக்குக் கூசியது. வாங்காமல் உட்கார்ந்தால் மாமி ஏன் என்று துருவுவாள். வாங்கிக்கொண்டு வந்து தலைகுனிந்து உட்கார்ந்தவளை மாமி முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு றோய் உள்ளே வந்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் ஓட்டம் ஓட்டம் என்று கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவன்.

"அம்மா, நாளைக்குக் காலையில ஏஜென்ட் வாறாரு. ஒரு வீடு இருக்காம். கோதுமை இல்லாம தனக்குத் தானே பாண் சுட்டுத் தின்னத் தெரிஞ்சா போதுமாம், எடுத்துக்குவாங்களாம்."

நிஷாலினியின் கையில் சல்லடை நின்றுவிட்டது. தப்பிக்கச் சொன்ன பொய்யே இப்போது அவளுக்கு டிக்கட் எடுத்துக் கொடுக்கிறது.

"இவளா? நேத்து இவ சுட்டதைக் கோழிகூடத் தொடல" என்றாள் மாமி.

"அப்ப இன்னைக்கே சொல்லிக் குடுங்க. எனக்கென்னமோ இவ நடிக்கிறாளோன்னுதான் இருக்கு" என்றான் றோய். "அடுத்த ஞாயிறு நானும் பூசைக்கு வாறேன். காரியம் நல்லபடியா முடியணும்னு நேந்துக்கணும்."

"வா, வா. இவ என்னத்தத் திங்கிறான்னுதான் நானும் ஏழு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

றோய் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். நிஷாலினிக்கு எல்லாப் பக்கமும் அடைபட்டுப் போயிற்று. மாமியின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிக் கெஞ்சுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து மாமியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, என்னை மன்னிச்சிருங்க. எனக்கு... இந்தக் கோதுமை வந்து..."

"வாய மூடு, அவன் காதுல விழப்போவுது!"

அகஸ்டினா குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு குனிந்து, மருமகளின் கண்ணைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"அடுத்த ஞாயிறு அவன் பக்கத்துல இருக்கையில நற்கருணைக்கு எந்திரிச்சுப் போயிடாத புள்ள, அந்த அப்பமும் கோதுமை மாதான்."